அம்மாவுக்கு எப்பவும் அசதி: சாப்பாடு, உடற்பயிற்சி, தெம்பு பத்தி ஆய்வுகள் என்ன சொல்லுது?

மலையருவி (ஹட்டன்)

அம்மா ஐம்பது தாண்டியும் டிக்கோயா பக்கத்துத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறாங்க. கொஞ்ச காலமா பத்து மணிக்கே கால் கனக்குது, மேட்டுல ஏறினா நெஞ்சு படபடக்குதுன்னு சொல்றாங்க. வேலை முடிஞ்சு வந்தா அடுப்புப் பக்கத்துலயே உக்காந்துடுறாங்க. எனக்கு ஹட்டன்ல ஒரு ஆபீஸ்ல கணக்கு வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். மூணு மணிக்கு மேல எனக்கும் கண்ணு சொருகுது.

ரெண்டு பேருக்கும் எல்லாரும் ஒரே மருந்தைத்தான் சொல்றாங்க: நடங்க, சோத்தைக் குறைங்க, 10,000 அடி போங்க. எனக்குச் சரி. விடிஞ்சதுல இருந்து சரிவுல ஏறி இறங்குற அம்மாவைப் போய் இன்னும் நடன்னு சொல்றதுல என்ன நியாயம்? வாட்ஸ்அப் வீடியோ அனுப்பாதீங்க. மனுஷங்களை வச்சு முறையா செஞ்ச ஆய்வுகள் என்ன கண்டிருக்குன்னு தெரிஞ்சவங்க எழுதுங்க.

ஆய்வுகூடத்தான் (பதுளை)

தங்கச்சி, நடக்கிறதெல்லாம் பிறகு. முதல்ல அம்மாவோட இரத்தத்தைப் பாருங்க. மேடு ஏறினா படபடப்பு, கால் கனம், சீக்கிரமே களைப்பு, இதெல்லாம் இரத்தசோகைக்கும் வர்ற அறிகுறி.

இந்த விஷயத்துல உலகம் பூரா மேற்கோள் காட்டுற ஆய்வுகள் நம்ம தேயிலை மலையில நடந்தவை. இங்க உள்ளவங்களுக்கே அது தெரியாம இருக்கிறது எனக்குப் பெரிய வருத்தம். 1970கள்ல அமெரிக்காவுல இருந்து கார்ட்னர், எட்ஜர்டன் என்ற ஆய்வாளர்களும் இலங்கையில வைத்தியப் பேராசிரியரா இருந்த சேனவிரத்னவும் சேர்ந்து செஞ்சாங்க. 1977ல வெளியானதுல 75 பெண்கள். ஹீமோகுளோபின் 100 மில்லிலீட்டர் இரத்தத்துக்கு 6.1ல இருந்து 15.9 கிராம் வரைக்கும். ட்ரெட்மில்லுல ஏத்தி, படிப்படியா கஷ்டத்தைக் கூட்டிப் பாத்தாங்க. இரத்தம் குறையக் குறைய தாக்குப்பிடிக்கிற நேரம் குறைஞ்சுது. ஒரே வேலைக்கு இரத்தம் குறைஞ்சவங்க இதயம் கூடுதலா அடிச்சுது, இரத்தத்துல லாக்டிக் அமிலமும் கூடுச்சு.

அடுத்தது 1979ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல்ல வந்துச்சு. கொழுந்து எடுக்கிற பெண்கள்ல ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்து கொடுத்து, கொடுக்காதவங்களோட ஒப்பிட்டாங்க. இரும்பு கிடைச்சு ஹீமோகுளோபின் ஏறினவங்க கூடுதலா கொழுந்து எடுத்தாங்க. ஆரம்பத்துல 6க்கும் 9க்கும் நடுவுல இருந்தவங்ககிட்டதான் முன்னேற்றம் அதிகம். சம்பளம் கூடல, அதட்டல் கூடல. இரத்தத்துல இரும்பு ஏறுச்சு, அவ்வளவுதான்.

காரணம் இதுதான். தசை வேலை செய்யணும்னா ஒட்சிசன் வேணும். அதைச் சுமக்கிறது ஹீமோகுளோபின். ஒட்சிசனை வச்சு சக்தி எடுக்கிற மைட்டோகொண்ட்ரியாவுக்குள்ள இருக்கிற நொதியங்களுக்கும் இரும்பு தேவை. அதனால ஹீமோகுளோபின் இறங்குறதுக்கு முன்னாலயே சிலருக்குக் களைப்பு வந்துடுது. 2012ல பிரான்ஸ்ல இரத்தசோகை இல்லாத, ஆனா பெரிட்டின் (உடம்புல சேமிச்சிருக்கிற இரும்பைக் காட்டுற அளவு) 50க்குக் கீழ இருந்த 198 பெண்களுக்கு 12 வாரம் ஆய்வு செஞ்சாங்க. இரும்பு எடுத்தவங்களோட களைப்புப் புள்ளி கிட்டத்தட்ட 48 வீதம் குறைஞ்சுது. வெறும் குளிசை எடுத்தவங்களுக்கு 29 வீதம். அந்த 29ஐயும் மறந்துடாதீங்க. மருந்தே இல்லாத குளிசைக்கே அவ்வளவு குறையுதுன்னா, "நான் இதைக் குடிச்சேன், தெம்பு வந்துச்சு"ன்னு ஒருத்தர் சொல்றதை மட்டும் வச்சு எதையும் நம்ப முடியாது.

இன்னொண்ணு. கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழ இருந்தா இரத்தசோகைங்கிறது கடல் மட்டத்துக் கணக்கு. உயரத்துல காத்துல ஒட்சிசன் அழுத்தம் குறைவு, அதனால உடம்பு ஹீமோகுளோபினைக் கூட்டிக்கும். உலக சுகாதார நிறுவனமே உயரத்துக்கு ஏத்த மாதிரி எல்லையைத் திருத்தச் சொல்லுது. நுவரெலியா 1,868 மீட்டர். அங்க ஒருத்தருக்கு 12.2ன்னு ரிப்போர்ட் வந்தா "நோர்மல்"னு மடிச்சு வைக்கக் கூடாது. எப்.பி.சி.யோட (முழு இரத்த அணுப் பரிசோதனை) பெரிட்டினும் கேளுங்க.

விளையாட்டு சேர் (பண்டாரவளை)

இரத்தப் பரிசோதனை அவசியம்தான். ஆனா மகளோட கேள்வி பாதி அப்படியே நிக்குதே. உக்காந்தே வேலை செய்றவங்களுக்கு உடற்பயிற்சி தெம்பைக் குடுக்குமா, எடுக்குமா?

2008ல ஜோர்ஜியா பல்கலைக்கழகத்துல ஒரு ஆய்வு. எப்பவும் களைப்பா இருக்குன்னு சொன்ன, உடற்பயிற்சி இல்லாத 36 இளைஞர்கள். மூணு குழு. ஒரு குழு மெதுவாகவும் ஒரு குழு நடுத்தர வேகத்துலயும் நிலைச் சைக்கிள் மிதிச்சாங்க: 20 நிமிஷம், வாரத்துக்கு மூணு தரம், ஆறு வாரம். மத்தக் குழு ஒண்ணும் செய்யல. மிதிச்ச ரெண்டு குழுவுக்கும் தெம்பு உணர்வு 20 வீதம் கூடுச்சு. களைப்பு குறைஞ்சதோ மெதுவா மிதிச்சவங்களுக்குத்தான் கூடுதல், 65 வீதம். நடுத்தர வேகத்துல மிதிச்சவங்களுக்கு 49. முப்பத்தாறு பேர்ங்கிறது சின்னத் தொகை, ஒத்துக்கிறேன். ஆனாலும் மூச்சு வாங்க ஓடினாத்தான் பலன்னு மாணவங்ககிட்ட யாரும் சொல்லக் கூடாதுன்னு நான் நினைக்கிறதுக்கு இது ஒரு காரணம்.

தசைக்குள்ள நடக்கிற மாற்றத்தை 1967ல ஹொலோசி என்ற விஞ்ஞானி காட்டினார். 12 வாரம் ஓடப் பழக்கின எலிகளோட தசையில மைட்டோகொண்ட்ரியா நொதியங்களோட வேலை ஏறக்குறைய ரெண்டு மடங்காச்சு. மனுஷ தசையிலயும் பயிற்சியால இப்படி கூடுதுன்னு பிறகு பல ஆய்வுகள் காட்டுச்சு. மகள், சாப்பாட்டு இடைவேளையில கொஞ்ச நேரம் பஸாருக்குள்ள நடந்துட்டு வாங்க, மூணு மணித் தூக்கத்துல வித்தியாசம் தெரியும்.

கவ்வாத்து (மஸ்கெலியா)

அந்த 1979 ஆய்வைப் பத்தி எனக்கு ஒரு கேள்வி இருக்கு. கூடுதலா எடுத்த கொழுந்து யாருக்குப் போச்சு? கிலோ கூடுச்சுன்னு எழுதினாங்க. அந்தப் பெண்கள் வீட்டுக்குப் போய் விறகு வெட்டி, தண்ணி சுமந்து, பிள்ளைங்களுக்குச் சமைச்சதுக்கு அப்புறம் எப்படி இருந்தாங்கன்னு பாத்தாங்களா? எழுபதுகள்ல தோட்டத்துல பசி எப்படி இருந்துச்சுன்னு எங்க வயசுக்காரங்களுக்குத் தெரியும். மாவு கிடைக்காம, காட்டுக் கீரையை அவிச்சுத் தின்ன காலம். அந்தக் காலத்து இரத்தத்தைச் சோதிச்சுட்டு "இரும்பு குறைவு"ன்னா, குறைஞ்சது இரும்பு மட்டுமா?

இன்னைக்கும் கிலோ காணலன்னா அரைப் பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம்தான் விழும். "சோம்பேறி"ன்னு பேரும் கிடைக்கும். எங்க அம்மாவும் அக்காமாரும் அந்தப் பேரைச் சுமந்தவங்க. இரத்தம் இல்லாத உடம்பால மலை ஏற முடியலன்னு விஞ்ஞானம் அப்பவே நிரூபிச்சிருக்குன்னா, அது தொழிற்சங்கத்துக்காரங்க மேசையில இருந்திருக்கணும்.

ஆய்வுகூடத்தான் (பதுளை)

அண்ணே, கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கட்டுரை கிலோவை மட்டும் அளக்கல. அதோட தலைப்புலயே "செயல்பாட்டு முறை"யும் இருக்கு. இரும்பு எடுத்தவங்களோட அசைவும் கூடியிருந்துச்சு. அவங்க சந்தோஷமா இருந்தாங்களான்னு அதுல தேட முடியாது. பசி பத்தி நீங்க சொன்னதுல எனக்கு மறுப்பே இல்ல.

பசறைப்பக்கம் (பசறை)

போஷாக்குத் துறையில படிக்கிறேன். கவ்வாத்து மாமா பசியைத் தொட்டதால இதை எழுதுறேன்.

1944–45ல மினசோட்டாவுல அன்சல் கீஸ் ஒரு பரிசோதனை செஞ்சார். போருக்குப் போக மறுத்த 36 ஆரோக்கியமான ஆண்கள், தாங்களாவே சம்மதிச்சு வந்தவங்க. ஆறு மாசம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,570 கலோரிதான். அதோட வாரா வாரம் நடக்கவும் வச்சாங்க. எடையில கால் பங்கு போச்சு. உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கிற சக்தி 40 வீதம் அளவுக்கு இறங்குச்சு. எப்பவும் குளிர், எதுலயும் நாட்டமில்ல, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. அவசியமில்லாத அசைவையெல்லாம் அவங்க தானாவே நிறுத்திட்டாங்க. அந்த மந்தம் அவங்க குணத்துல இருந்து வரல. பட்டினி கிடந்த உடம்பு தன்னைக் காப்பாத்திக்கச் செஞ்சது அது. அதனாலதான் ரொட்டியும் சம்பலும் மட்டும் கட்டிட்டு மலைக்குப் போறவங்ககிட்ட "சோத்தைக் குறை"ன்னு சொல்றதைக் கேட்டா எனக்குக் கோவம் வருது.

இப்ப நடையைப் பத்தி. ஒருத்தர் அன்றாட வாழ்க்கையில எவ்வளவு சக்தி செலவழிக்கிறார்னு அளக்க இரட்டைக் குறியீட்டு நீர்னு ஒரு முறை இருக்கு. கனமான ஐதரசன், கனமான ஒட்சிசன் கலந்த தண்ணியைக் குடிக்கக் குடுப்பாங்க. ஐதரசன் தண்ணியா மட்டுந்தான் வெளியேறும், ஒட்சிசன் தண்ணியாவும் காபனீரொட்சைட்டாவும் வெளியேறும். ரெண்டும் குறையிற வேகத்துல உள்ள வித்தியாசத்தை சிறுநீர்ல பாத்தா எவ்வளவு எரிஞ்சுதுன்னு கணக்குப் போடலாம். கருவி கட்ட வேண்டாம், ஆய்வுகூடத்துல அடைபட வேண்டாம்.

இந்த முறையால ஹேர்மன் பொன்ட்சர் குழு தான்சானியாவுல வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழ்ற ஹட்சா மக்களை அளந்து 2012ல வெளியிட்டாங்க. நாள் பூரா நடக்கிற அவங்களும், காரும் நாற்காலியுமா வாழ்ற மேற்கு நாட்டவங்களும், உடல் அளவைக் கணக்குல எடுத்தா, மொத்தமா செலவழிக்கிறது ஏறக்குறைய ஒண்ணுதான். எல்லாருக்கும் அதிர்ச்சி. பொன்ட்சர் சொல்ற விளக்கம்: உடம்பு மாசச் சம்பளத்துல குடும்பம் நடத்துற வீடு மாதிரி. ஒரு பக்கம் செலவு கூடினா இன்னொரு பக்கம் பிடிச்சுக்கும். 2021ல 1,754 பேரோட தரவைப் பாத்ததுல, உடற்பயிற்சியால எரியிற கலோரியில சராசரியா 28 வீதத்தை உடம்பு வேற இடத்துல மிச்சம் பிடிக்குதுன்னு கண்டாங்க. எவ்வளவு தூரம் அப்படி மிச்சம் பிடிக்கும்னு ஆய்வாளர்களுக்குள்ள இன்னும் சண்டை உண்டு.

அதே 2021ல சயன்ஸ் இதழ்ல வந்தது இன்னும் பெரிசு. 29 நாடுகள், 6,400க்கும் மேற்பட்டவங்க, பிறந்து எட்டு நாளான சிசுவுல இருந்து 95 வயசு வரைக்கும். உடல் அளவைக் கழிச்சுப் பாத்தா 20ல இருந்து 60 வயசு வரைக்கும் சக்திச் செலவு மாறவே இல்ல. அறுபதுக்கு மேலதான் வருஷத்துக்கு 0.7 வீதம் அளவுல குறையுது. ஆகவே மலையருவி, அம்மாவோட அசதியை "வயசாச்சுல்ல"ன்னு யாராவது தள்ளிவிட்டா நம்பாதீங்க.

நர்ஸ் அக்கா (நாவலப்பிட்டி)

எல்லாரும் நல்லா எழுதியிருக்கீங்க. நான் தேத்தண்ணிக்கு வர்றேன், ஏன்னா யாரும் அதைத் தொடல.

ரொட்டி கடிச்சுக்கிட்டே பிளேன் டீ குடிக்கிறது நம்ம எல்லாருக்கும் பழக்கம். அரிசி, கோதுமை, பருப்பு, கீரை இதுல உள்ள இரும்பை தேயிலையோட பொலிபினோல் பிடிச்சுக்கிட்டு குடல்ல இறங்க விடாது. 1975லயே வெறும் பாணோடயும், சோறும் உருளைக்கிழங்கு வெங்காய சூப்பும் சேர்ந்த சாப்பாட்டோடயும் சோதிச்சுக் காட்டிட்டாங்க. 1999ல சுவிஸ் ஆய்வாளர்கள் பாணோட கறுப்புத் தேத்தண்ணி குடிக்க வச்சு அளந்தப்போ இரும்பு உறிஞ்சல் 79ல இருந்து 94 வீதம் வரைக்கும் குறைஞ்சுது. இறைச்சி, மீன்ல உள்ள ஹீம் இரும்பை இது அவ்வளவா பாதிக்காது.

தேத்தண்ணியை விடுன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. குளிர்ல நிக்கிறவங்ககிட்ட அதைச் சொல்ல எனக்கும் மனசு வராது. விட வேண்டியதும் இல்ல. 2017ல இங்கிலாந்துல 12 பெண்களை வச்சுப் பாத்ததுல, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு தேத்தண்ணி குடிச்சா அந்தப் பாதிப்பு பாதியா குறைஞ்சுது. அதனால சாப்பாட்டோட தண்ணி, தேத்தண்ணி பிறகு. சம்பலுக்குத் தேசிக்காய் தாராளமா புழியுங்க, கொய்யா கிடைச்சா ஒண்ணு சாப்பிடுங்க. விற்றமின் சி இரும்பை உள்ள இழுக்கும். ஒரு துண்டு நெத்தலியோ கருவாடோ சேர்ந்தா இன்னும் நல்லது.

"மாவுலயே இரும்பு கலந்தா போதாதா"ன்னு கேப்பாங்க. நம்ம தோட்ட மக்கள்கிட்டயே அதைச் செஞ்சு பாத்து 2004ல வெளியிட்டிருக்காங்க. இரத்தசோகை குறையல. மாவுல கலக்கிற இரும்புத்தூள் வகைகள் உடம்புல லேசுல சேராது, அதோட நம்ம தேத்தண்ணி வேற.

பூச்சியையும் மறக்கக் கூடாது. கொக்கிப் புழு குடல்ல இருந்து இரத்தத்தை உறிஞ்சும். 1994ல இலங்கைத் தோட்டங்கள்ல கர்ப்பிணித் தாய்மாரை வச்சு செஞ்ச ஆய்வுல, இரும்பும் போலிக் அமிலமும் சேர்ந்த குளிசையோட பூச்சிக் குளிசையும் எடுத்தவங்களுக்கு கூடுதல் பலன் கிடைச்சுது. செருப்பில்லாம மலைக்குப் போறவங்க இதைக் கட்டாயம் கேட்டு வாங்கணும்.

அப்புறம், தயவு செஞ்சு கடையில இரும்புக் குளிசையை வாங்கி நீங்களே ஆரம்பிக்காதீங்க. தலசீமியாங்கிறது பரம்பரையா வர்ற இரத்த நோய், நம்ம நாட்டுல அதோட காவிகள் நிறைய. அவங்களுக்கும் சிவப்பணு சின்னதா இருக்கும், ஹீமோகுளோபின் குறைவா இருக்கும், ஆனா குறை இரும்புல இருக்காது. பெரிட்டின் பாத்தாத்தான் பிரிச்சறிய முடியும். சீனி வியாதிக்கு மெட்போமின் எடுக்கிறவங்கன்னா பி12 குறையலாம். தைரொயிட்டும் பாக்கணும்.

மலையருவி, அம்மாவுக்கு மாதவிடாய் நின்னாச்சுன்னா இது முக்கியம்: அந்த வயசுல இரும்பு குறைஞ்சிருந்தா குளிசையோட விட்டுடக் கூடாது. வயித்துலயோ குடல்லயோ எங்கயாவது இரத்தம் கசியுதான்னு பாக்கச் சொல்லிக் கேளுங்க. வெக்கப்பட வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லுங்க.

ஊவாக்காற்று (ஹப்புத்தளை)

உடற்பயிற்சி எல்லா அசதிக்கும் மருந்துன்னு யாரும் நினைச்சுடக் கூடாதுன்னுதான் எழுதுறேன். கொவிட் வந்து போன பிறகு என் தம்பி இன்னும் முழுசா எழும்பல. கொஞ்சம் கூட நடந்தாலும் அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. மறுநாள் படுக்கையை விட்டு எந்திரிக்க முடியாது. வைத்தியர் ஒருத்தர் "கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க"ன்னார். கூட்டக் கூட்ட மோசமாச்சு.

நீடித்த களைப்பு நோயில இது தெரிஞ்ச விஷயம். 2011ல லான்செட்ல வந்த பேஸ் ஆய்வு, 641 நோயாளிகள், படிப்படியா கூட்டுற உடற்பயிற்சி உதவுதுன்னு சொல்லுச்சு. அளவுகோலை ஆய்வு நடக்கும்போதே மாத்தினாங்கன்னு நோயாளிகளும் விஞ்ஞானிகளும் வருஷக்கணக்கா போராடினாங்க. 2021ல பிரித்தானியாவுல சிகிச்சை வழிகாட்டி வகுக்கிற நைஸ் அமைப்பு புது வழிகாட்டியில அந்தச் சிகிச்சையை இனி கொடுக்க வேண்டாம்னு எழுதிடுச்சு. உழைப்புக்குப் பிறகு நிலைமை மோசமாகிறது அந்த நோயோட முக்கிய அடையாளம். அப்படிப்பட்டவங்க சக்தியை அளந்து செலவழிக்கணும், இடையில ஓய்வெடுக்கணும்.

விளையாட்டு சேர் (பண்டாரவளை)

தம்பியோட நிலைமைக்கு வருந்துறேன். நீங்க சொன்ன அடையாளம் எல்லாருக்கும் தெரியணும். நான் சொன்ன 36 பேரும் வைத்திய ரீதியா வேற நோய் இல்லாத இளைஞர்கள். உடற்பயிற்சி செஞ்ச மறுநாள் லேசான தசைவலி சாதாரணம். மறுநாள் உடம்பே விழுந்துட்டா, அங்கேயே நிறுத்திட்டு வைத்தியர்கிட்ட போங்க. ஆனா நோய் எதுவும் இல்லாம நாற்காலியிலயே கிடக்கிற பெரும்பான்மைக்கு நடை நல்லதுங்கிறதுல நான் இறங்கி வர மாட்டேன்.

கவ்வாத்து (மஸ்கெலியா)

அந்தப் பெரும்பான்மை ஹட்டன் டவுன்ல இருக்கலாம் சேர். தோட்டத்துல கூடையைச் சுமக்கிறவளுக்கு வேணும்கிறது ஓய்வும் முட்டையும்.

விளையாட்டு சேர் (பண்டாரவளை)

அதுல எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்ல அண்ணே. கொழுந்து எடுக்கிற தாய்க்கு நான் நடை சொல்லவே மாட்டேன்.

மலையருவி (ஹட்டன்)

எல்லாருக்கும் நன்றி. அம்மாவை இரத்தம் எடுக்கக் கூட்டிட்டுப் போறேன். என் மூணு மணித் தூக்கத்துக்கு சாப்பாட்டுல ஏதாவது இருக்கா? மத்தியானம் பெரும்பாலும் கடையில ரோல்ஸ், மாலு பணிஸ், அதோட இனிச்ச பால் தேத்தண்ணி.

பசறைப்பக்கம் (பசறை)

அக்கா, 2019ல அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல கெவின் ஹோல் செஞ்ச ஆய்வைப் பாருங்க. 20 பேரை ஒரு மாசம் வார்ட்டுல வச்சு, ரெண்டு வாரம் ஆலையில பதப்படுத்தின சாப்பாடு, ரெண்டு வாரம் வீட்டுச் சமையல் மாதிரியான சாப்பாடு. முன்னால வச்ச கலோரி, சீனி, நார் எல்லாம் சமம், விரும்பின அளவு சாப்பிடலாம். பதப்படுத்தினது கிடைச்சப்போ நாளைக்கு 500 கலோரி அளவுல கூடுதலா சாப்பிட்டாங்க, எடையும் ஏறுச்சு. தெம்பை அளந்த ஆய்வு இல்ல அது. வயிறு நிறைஞ்சுதுன்னு உடம்புக்குத் தெரியிறதுக்குள்ள நாம கூடுதலா சாப்பிட்டுடுறோம்கிறதைக் காட்டுது. வீட்டுல இருந்து சோறு, பருப்பு, ஒரு கீரை கட்டிட்டுப் போய்ப் பாருங்க.

மத்தியானத்துக்குப் பிறகு கொஞ்சம் மந்தம் வர்றது உடம்போட நாளாந்தச் சுழற்சியிலயே உள்ளது. அதோட ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீங்க? படுக்கைக்கு ஆறு மணி நேரத்துக்கு முன்னால 400 மில்லிகிராம் கபீன் எடுத்தவங்களுக்குக்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல தூக்கம் குறைஞ்சுதுன்னு 2013 ஆய்வு. அது பல கோப்பை தேத்தண்ணிக்குச் சமம். ஆனா சாயந்தரம் ஆபீஸ்லயும் வீட்டுலயுமா எத்தனை கோப்பை குடிக்கிறோம்னு எண்ணிப் பாருங்க.

மலையருவி (ஹட்டன்)

ரிப்போர்ட் வந்துடுச்சு. ஹீமோகுளோபின் 8.7, பெரிட்டின் ரொம்பக் கீழ. கிளினிக்ல குளிசை குடுத்திருக்காங்க, வயித்தையும் பாக்க கண்டிக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. ரிப்போர்ட்டைப் பாத்துட்டு அம்மா கேட்ட முதல் கேள்வி, "அப்ப நான் சும்மா சொல்லலதானே?" பக்கத்துல இருந்த சித்திக்கும் கேக்கிற மாதிரி சத்தமா கேட்டாங்க.

நர்ஸ் அக்காகிட்ட ஒண்ணு கேக்கணும். குளிசை போட்டா வயித்தைப் பிரட்டுதுன்னு ரெண்டாம் நாளே முகம் சுழிக்கிறாங்க. விட்டுடுவாங்களோன்னு பயமா இருக்கு.

நர்ஸ் அக்கா (நாவலப்பிட்டி)

விட விடாதீங்க. வெறும் வயித்துல முடியலன்னா ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம், உறிஞ்சல் கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்ல. தேத்தண்ணியோடயோ பாலோடயோ போடக் கூடாது. 2017ல சூரிச்சுல செஞ்ச ஆய்வுல, ஒண்ணுவிட்டு ஒரு நாள் எடுத்த பெண்களுக்கு ஒவ்வொரு குளிசையில இருந்தும் கூடுதல் பங்கு உடம்புல சேர்ந்துச்சு. ஒரு குளிசை போட்டதும் ஹெப்சிடின்னு ஒரு ஹோமோன் ஏறி மறுநாள் இரும்பைத் தடுக்கிறதுதான் காரணம். அம்மாவுக்கு அப்படி மாத்தலாமான்னு கிளினிக் டொக்டர்கிட்ட கேளுங்க, நீங்களா மாத்தாதீங்க.

மலம் கறுப்பா போகும், அது குளிசையால. கண்டியில வயித்தைப் பாக்கிறவங்ககிட்ட குளிசை எடுக்கிறதை முன்னாலயே சொல்லிடுங்க, இல்லன்னா இரத்தம் போகுதோன்னு அவங்க குழம்புவாங்க. ஒரு மாசம் போக மறுபடி இரத்தம் பாருங்க. ஏறத் தொடங்கியிருக்கணும். சரியான அளவுக்கு வந்த பிறகும் சேமிப்பு நிரம்ப மூணு மாசம் அளவுக்குத் தொடரச் சொல்லுவாங்க. சித்தியும் அதே மலையிலதானே கொழுந்து எடுக்கிறாங்க? அடுத்த தரம் போகும்போது அவங்களையும் கூட்டிட்டுப் போங்க.